இருபது தரம்

எட்டாவது தரம் அழுத்தியபோதுதான் சத்தம் வந்தது.

சுகிர்தன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, மனைவி பிளோறன்ஸ் கட்டிவிட்ட கறுப்புக் கழுத்துப்பட்டி. செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட ஒரு மனிதன், மைனஸ் எட்டுக் குளிரில், டோர்ட்மண்டின் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில், நிறுத்திவைத்த காரின் முன்மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி அதைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நாயோடு போன ஜெர்மன் கிழவர் ஒருவர் நின்று பார்த்தார். நாயும் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தவர்கள்போல் நடையைக் கட்டினார்கள்.

ஒன்பதாவது தரம் அழுத்தினான். பின்பக்கம் நீண்ட சாம்பல் நிறக் கொம்பிக் கார் தாழ்ந்து எழும்பியது. உள்ளே எங்கேயோ எண்ணெய் காணாத இரும்புக் கட்டில் ஒன்றில் யாரோ புரண்டு படுத்ததுபோல, கிறீச் என்றது.

"உண்மையாத்தான் இருக்குது," என்றான் வாய்விட்டு.

அதைக் கேட்கவேண்டியவர் அங்கே இல்லை. அக்கா மகாதேவியின் கணவர், அவனுடைய அத்தார் தம்பித்துரை, போன வெள்ளிக்கிழமை விடிய இதே காருக்குப் பக்கத்தில் விழுந்து இறந்துபோனார். இன்று வியாழக்கிழமை. பதினொரு மணிக்குக் கிறெமற்றோரியத்தில் கிரியை. முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் மண்டபத்தில் டெர்மின், நேர ஒதுக்கீடு, கிடைத்திருந்தது. அதற்குள் தேவாரம் பாடி, சுண்ணம் இடித்து, வாய்க்கரிசி போட்டு, இரங்கலுரையும் நடத்திப் பெட்டியை மூடிவிட வேண்டும்.

பெட்டி மூடுவதற்கு முன் சுகிர்தன் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆறு நாளாகச் சொல்லப் போனான். ஆறு நாளும் வாய் திறந்ததும் வேறு ஏதோ வந்தது; பெரும்பாலும் பகிடி வந்தது. பெட்டி மூடிய பிறகு சொன்னால் அது சொன்னதாகாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தான். சட்டம் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் காலாவதியாகிறது.

குளிர் தொடங்கிய கார்த்திகை மாதத்தில்தான் அத்தார் முதல்தரம் காரைக் கொண்டுவந்தார். சுகிர்தன் இருபத்துநாலு வருடமாக மெக்கானிக்காக இருக்கிற வெர்க்ஸ்டாட், அத்தார் வீட்டிலிருந்து ஓட்டோபானில் இருபத்தைந்து நிமிடம். அத்தார் இறங்கிக் கதவைச் சாத்தினார். சாத்தினது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு, நோயாளிப் பிள்ளையை டொக்டரிடம் ஒப்படைக்கிற தகப்பனைப்போல் சொன்னார்.

"தம்பி, இடப்பக்கம் முன்னுக்கு ஒரு சத்தம். மேடு பள்ளத்திலை ஏறி இறங்கேக்கை. விடியக் காலமைதான் வரும். முதல் பெரிசாய்க் கத்தும், பேந்து முனகும்."

சுகிர்தன் ஓட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை. தூக்கியில் ஏற்றி, சக்கரத்தைப் பிடித்து உலுக்கி, ஒவ்வொரு மூட்டையும் தடியால் நெம்பிப் பார்த்தான். இல்லை. இரண்டாம் தரம் கொண்டுவந்தபோதும் இல்லை. மூன்றாம் தரம் அத்தார் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கொண்டுவந்தார். அதில் இரண்டு நிமிடத்துக்கு அவருடைய மூச்சும், "இப்ப வரும், இப்ப வரும்" என்ற அவருடைய குரலும்தான் இருந்தன.

இதற்கு ஜெர்மன்காரர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஃபோர்ஃபியூர் எஃபெக்ட். காட்டவென்று கொண்டுபோனால் பழுது ஒளித்துக்கொள்ளும். பல் டொக்டரின் கதிரையில் ஏறியதும் பல்லுக்குத்து நின்றுவிடுவதைப்போல. சுகிர்தன் அந்தச் சொல்லை அத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தான். அதோடு நிற்கிற ஆளாக அவன் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அத்தார், காரிலை ஒண்டும் இல்லை. உங்கட காதுக்குள்ளைதான் ஒரு நட்டுக் கழண்டிட்டுது. குனியுங்கோ, இறுக்கிவிடுறன்," என்று நட்டு இறுக்குகிற சாவியை எடுத்துக் காட்டினான். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்களும் சந்தோஷப்படட்டும் என்று அதை மொழிபெயர்த்தும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாரும் சிரித்தார். அவர் எப்போதும் ஒரு விநாடி பிந்தித்தான் சிரிப்பார். பகிடி விளங்கிச் சிரிக்கிறாரா, மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரிக்கிறாரா என்பதை முப்பது வருடமாகச் சுகிர்தனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது காரின் பின்பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பனியில் விரித்து, கழுத்துப்பட்டியைத் தோளுக்கு மேலால் எறிந்துவிட்டு, நல்ல கோட்டோடு காருக்குக் கீழே சரிந்தான். சத்தத்தைக் காதால் தேடக்கூடாது. இரும்பு அதைக் கடத்திக்கொண்டுபோய் வேறெங்கேயோ இறக்கிவிடும். விரலால் தேடவேண்டும். ஒரு கையால் காரை ஆட்டிக்கொண்டு மறுகையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனான். இடப்பக்கத்தில் ஒன்றும் துடிக்கவில்லை. வலப்பக்கத்துக்குப் போய்த் தொட்டபோது விரல் நுனி சிலிர்த்தது.

இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்துக்கொண்டு குறுக்கே ஓடும் கம்பி. அதைப் பிடித்திருக்கிற, பெருவிரல் பருமனில் ஒரு றப்பர். குளிரில் அது கல்லாக இறுகிவிடும், கம்பி அதற்குள் காய்ந்தபடி திரும்பும், கத்தும். கத்துவது வலப்பக்கம், கேட்பது இடப்பக்கம். கார் இருபது நிமிடம் ஓடினால் றப்பர் இளகிச் சத்தம் நின்றுவிடும். வெர்க்ஸ்டாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். அத்தார் ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் வந்திருக்கிறார்.

காரை ஓர் இரவு வெர்க்ஸ்டாட் வாசலில் விடச் சொல்லியிருந்தால் மறுநாள் விடிய ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். அது சுகிர்தனுக்குக் கார்த்திகை மாதமே தெரியும். ஆனால் காரை வாங்கி வைத்தால் அத்தாரை வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். வழி முழுக்க அத்தார் கதைப்பார். எந்தக் குப்பையை எந்த நிற வாளியில் போடவேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே அவரால் இருபத்தைந்து நிமிடம் கதைக்க முடியும். தயிர்ப் பெட்டியின் மூடியைத் தனியாகக் கழற்றிப் போடவேண்டுமா என்பது பற்றி நகரசபைக்குக் கடிதம் எழுதி, பதிலும் வாங்கி வைத்திருந்தவர்.

வெள்ளிக்கிழமை விடிய ஆறரைக்கு அவர் ஃபோன் எடுத்தார்.

"தம்பி, கேக்குது! ஓடக்கூட இல்லை, சும்மா ஏறி இருக்கவே கேக்குது. உடனை வெளிக்கிட்டு வாவன். இண்டைக்குப் பிடிக்கலாம்."

"நான் வாறதுக்குள்ளை நீங்கள் வேலைக்குப் போயிடுவியள் அத்தார்."

"இல்லை, இண்டைக்கு எனக்குப் பத்து மணிக்குத்தான்."

சுகிர்தனுக்கு அன்று விடுமுறை. வெளியே மைனஸ் பதினொன்று. போர்வைக்குள் நல்ல சூடு. அந்த இடத்தில்தான் வாய் தானாகத் திறந்தது.

"அத்தார், நான் வரத் தேவையில்லை. இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. முன்மூலையிலை ரெண்டு கையையும் ஊண்டி, உங்கட முழுப் பாரத்தையும் போட்டு அமத்துங்கோ. இருபது தரம். எண்ணித்தான் அமத்தோணும். பத்தொன்பதோடை விட்டியளெண்டால் திருப்பி முதலிலை இருந்து துவங்கோணும்."

"இருபதோ?"

"கொம்பிக்கு இருபது. சின்னக் காரெண்டால் பன்னிரண்டு காணும்."

அத்தார் சிரிக்கவில்லை. ஒரு விநாடி பிந்தியும் சிரிக்கவில்லை. "சரி தம்பி, சந்தோசம்," என்று சொல்லி வைத்துவிட்டார். சுகிர்தன் மறுபக்கம் திரும்பிப் படுத்து, பிளோறன்ஸை எழுப்பி அதைச் சொல்லியும் சிரித்தான்.

ஏழரைக்கு அக்காவின் ஃபோன் வந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. இரண்டு பொலிஸ்காரர் வாசலில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்றபோது நெஞ்சு அடைத்து விழுந்துவிட்டார் என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். சுகிர்தன் காரைப் பார்த்தான். கண்ணாடி முழுக்க ஐஸ் அப்படியே இருந்தது. சுரண்டும் தகடு காருக்குள்ளே ஆசனத்தில் காய்ந்து கிடந்தது. முன்மூடி முழுக்கச் சீனி தூவினதுபோல் உறைபனி. இடது மூலையில் மட்டும் இரண்டு உள்ளங்கைத் தடங்கள். பத்து விரலும் பிசகாமல், பெயின்ற் தெரிய உருகியிருந்தன.

யாரும் பார்க்கவில்லை. சுகிர்தன் கோட்டுக் கையால் முன்மூடியை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை துடைத்தான். ஏன் துடைத்தான் என்பதற்கு அவனிடம் பதில் இருந்தது, கேட்க ஆள்தான் இல்லை.

*

நாலாம் மாடிக்கு ஏறிப் போனபோது வாசல் முழுக்கச் சப்பாத்துகள். மிதுஷா குசினி வாசலில் நின்றாள். அத்தாரின் ஒரே பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அப்பாவின் கைத்தொலைபேசியை ஆறு நாளாகக் கையைவிட்டு இறக்கவில்லை.

"மாமா, அம்மா அப்பான்ர காரிலைதான் வருவாவாம். சொல்லிப் பாத்திட்டன், கேக்கிறா இல்லை. கார் ஓடுமா?"

"ஓடும். கத்திக்கொண்டு ஓடும்."

அவள் அவனுடைய முழங்கையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேற்றுத்தான் அப்பான்ர ஹண்டியைத் திறந்தனான்," என்றாள். "கடைசி கோல் உங்களுக்கு. ஆறு முப்பத்தொண்டு. நாலு நிமிஷம். நீங்கள் சொல்லவே இல்லை."

சுகிர்தன் கழுத்துப்பட்டியை நேராக்கினான். "அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பிள்ளை."

"நாலு நிமிஷமா?"

"கொப்பர் எப்பவாவது ஒரு விஷயத்தை நாலு நிமிஷத்துக்குக் குறையச் சொல்லியிருக்கிறாரே?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பகிடி வேலை செய்துவிட்டது. சுகிர்தனுக்குத் தன் வாயைக் கழற்றி வாசலில் கிடந்த சப்பாத்துகளோடு வைத்துவிட்டு வந்தால் நல்லது என்று தோன்றியது.

"டொக்டரிட்டைத் திரும்பவும் கேட்டனான் மாமா. இருதயத்துக்குப் போற மூண்டு குழாயும் அடைச்சுத்தான் இருந்ததாம். படி ஏறேக்கையும் வந்திருக்கும், கட்டில்லை படுத்திருக்கேக்கையும் வந்திருக்கும். ஐஸ் சுரண்டினது சும்மா ஒரு சாட்டு எண்டவர். அப்பா அம்மாட்டையும் சொல்லாமல், என்னட்டையும் சொல்லாமல்... நான் நேர்ஸ் மாமா. வீட்டுக்கை இருந்து கொண்டு எனக்குத் தெரியேல்லை."

அவன் அவளுடைய தலையில் கை வைத்தான். சாட்டு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கலாமா என்று ஒருகணம் பார்த்தான். பிடி கிடைக்கவில்லை.

அறைக்குள்ளே இருந்து கமலநாயகி அக்கா வந்தார். குடியிருப்பில் உள்ள எல்லாத் தமிழ் வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் செத்தவீட்டுக்கும் முதல் வருகிறவர். "சுகிர்தன், இரங்கலுரை நீதானே? நல்லதாய்ப் போச்சு. நீ பேசினால்தான் செத்தவீடும் செத்தவீடு மாதிரி இருக்காது."

சாமத்தியவீடு, கலியாணவீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் ஒலிவாங்கியை அவனிடம்தான் கொடுப்பார்கள். அதனால் இதிலும் கொடுத்துவிட்டார்கள். நேற்று ஒரு கடுதாசியில் மூன்று வரி எழுதியிருந்தான். மூன்றும் பகிடி. மூன்றும் அத்தாரைப் பற்றியது.

அக்கா மகாதேவி வெளியே வந்தாள். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் முழங்கால்வரை வருகிற தடித்த கோட்டு, பனிச் சப்பாத்து. அழுது முடித்த முகம் இல்லை. அழுவதைத் தள்ளிவைத்த முகம்.

"வெளிக்கிடுவம்," என்றாள். "பிள்ளை, நீ மற்றவையோடை மாலையளைக் கொண்டு வா. நான் இவனோடை போறன்."

*

குடியிருப்பு வாசலில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியது. கிறீச்.

"இதுதானே?" என்றாள் அக்கா, முன்னாலேயே பார்த்தபடி.

"இதுதான் அக்கா." கார் என்றால் சுகிர்தனுக்கு வாய் தடைப்படாது. "வலப்பக்கத்து றப்பர். குளிருக்கு இறுகிப்போச்சு. அவர் இடப்பக்கம், இடப்பக்கம் எண்டு சொன்னதாலை நான் அங்காலை பாக்கேல்லை. கம்பி கொண்டுபோய் மற்றப் பக்கம் கேக்கப்பண்ணுது. குளிர் விட்டால் நிண்டிடும். அதுதான் என்னட்டைக் கொண்டுவரேக்கை..."

"எத்தினை மட்டும் எண்ணினனீ?"

"என்னது?"

"காரை ஆட்டிக்கொண்டு நிண்டாய். மேலை ஜன்னலாலை பாத்தனான். நீயும் எண்ணி எண்ணித்தானே ஆட்டினனீ? வாய் அசைஞ்சது."

நீயும் என்றாள். சுகிர்தன் அந்தச் சொல்லைக் கேட்டான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு விழுந்தது, நிறுத்தினான். பச்சை விழுந்தது, எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். எடுத்தான். இரண்டு தெரு தள்ளிப் பேருந்துத் தரிப்பு ஒன்றின் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஆறரை மணி ஃபோன். விடுமுறை. போர்வை. இருபது தரம். பத்தொன்பதோடு விட்டால் முதலிலிருந்து. பனியில் இருந்த கைகள். துடைத்தது.

சொல்லி முடித்தபோது கண்ணாடி முழுக்க உள்ளே மூச்சின் ஆவி படிந்திருந்தது.

"இருபதுக்கு என்ன அர்த்தம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு அர்த்தமும் இல்லை அக்கா. வாயிலை வந்தது."

"வாயிலை வந்தது."

"பகிடிக்குச் சொன்னனான்."

"பகிடியெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியேல்லை அக்கா."

ஒரு பேருந்து பின்னால் வந்து விளக்கை மின்னியது. சுகிர்தன் இடத்தை விட்டுக் கொடுத்துக் காரை எடுத்தான். ட்றாம் தண்டவாளம் குறுக்கிட்ட இடத்தில் கார் கத்தியது. அடுத்த தண்டவாளத்திலும் கத்தியது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அடித்தால் நல்லது என்று அவன் நினைத்தான். சின்ன வயதில் நன்றாக அடிப்பாள். அடித்துவிட்டுக் கோபத்தை மறந்துவிடுவாள்.

"பதினாலு மட்டும் நான் எண்ணினனான்," என்றாள்.

சுகிர்தன் திரும்பிப் பார்த்தான்.

"றோட்டைப் பார். ஜன்னலடியிலை நிண்டனான். கீழை றோட்டு லைற் வெளிச்சத்திலை இவர் தொப்பியும் போட்டுக்கொண்டு காரைப் பிடிச்சு ஏறி ஏறி அமத்துறார். அறுபத்தாறு வயசு மனுசன். ஒவ்வொண்டுக்கும் வாய் அசையுது. என்ன எண்ணுறார் எண்டு நானும் சேந்து எண்ணத் துவங்கிட்டன். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. தனிய நிண்டு சிரிச்சனான். ஜன்னலைத் திறந்து, என்னப்பா உங்களுக்கு விசரே எண்டு கேப்பமெண்டு பிடியிலை கை வைச்சனான். பேந்து, குளிர் உள்ளுக்கு வந்திடுமெண்டு விட்டிட்டன். பதினாலோடை தேத்தண்ணி வைக்கப் போயிட்டன்."

கார் கத்தியது. முன்னையதைவிடக் குறைவாகக் கத்தியது.

"அப்ப, ஐஸ் சுரண்டினவர் எண்டு..."

"நான்தான் சொன்னனான். பொலிஸ் கேட்டது, என்ன செய்துகொண்டு நிண்டவர் எண்டு. காரைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டு நிண்டவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சனம் சிரிக்கும். இருக்கேக்கையும் சிரிச்சதுகள். செத்த பிறகும் சிரிக்கோணுமோ?"

யார் சிரித்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"அதோடை," என்று இழுத்தாள், "அதைச் சொன்னால் நான் பாத்துக்கொண்டு நிண்டதையும் சொல்லோணும்."

சுகிர்தனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. டொக்டர் சொன்னது, குழாய், சாட்டு. எல்லாம் தொண்டைவரை வந்து, அங்கே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் அவன் கேட்க நினைக்காத ஒன்றுதான் வெளியே வந்தது.

"இருபதும் முடிச்சிருப்பாரோ?"

"முடிச்சிருப்பார்," என்றாள் அக்கா. "பெட்டிக்குள்ளை இருக்கிற துண்டை முழுக்க வாசிக்காமல் ஒரு காய்ச்சல் குளிசை போட்டவரில்லை."

மயானத்தின் மரங்கள் தெரிந்தன. உள்வீதியில் கல் பதித்திருந்தது. கார் குலுங்கிக்கொண்டு போனது. சுகிர்தன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை.

"நிண்டிட்டுது," என்றாள் அக்கா.

"இளகிட்டுது. இனி ஆறினாப் பிறகுதான்."

"நாளைக்குக் கொண்டுபோய் மாத்து. மூண்டு மாசமாய் அதைத்தானே கேட்டவர்."

"ஓம் அக்கா."

அவன் காரை நிறுத்தினான். அக்கா கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு இறங்காமல் இருந்தாள்.

"பிள்ளைக்கு நான் சொல்லுவன். நேரம் வரேக்கை. நீ ஒண்டும் கதைக்காதை. உள்ளுக்கையும் நீ பேச வேண்டாம். தங்கராசா அண்ணை பேசட்டும்."

"சரி அக்கா," என்றான் சுகிர்தன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அவள் இறங்கி, உப்புப் போட்ட பாதையில் தனியாக நடந்தாள். அவன் காரைப் பூட்டினான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமலே நடந்தான்.

*

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஊரில் என்றால் பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள். ஆண்கள்தான் சுடலைக்குப் போவார்கள். இங்கே எல்லாரும்தான் வருகிறார்கள். ஆனாலும் பழக்கம் எங்கேயாவது ஓரிடத்தில் மிஞ்சிநிற்கத்தானே வேண்டும்: பெண்கள் முன்வரிசைகளில் கதிரை பிடித்து இருப்பார்கள், ஆண்கள் கதிரை காலியாக இருந்தாலும் பின்சுவரோடு போய் நிற்பார்கள். யாரும் சொல்வதில்லை. அப்படியே நடக்கும்.

சுகிர்தன் பின்சுவரோடு போய் நின்றான். மற்ற ஆண்களுக்கும் பின்னால், கோட்டு மாட்டுகிற கம்பிகளுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பெட்டியின் கால்மாட்டு மாலைகள்தான் தெரிந்தன. செத்தவீடுகளில் வழக்கமாகப் பேசுகிற தங்கராசா அண்ணையைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொன்னான். அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். ஆயத்தமாக ஒரு கடுதாசி வைத்திருந்தார். எந்தச் செத்தவீட்டுக்கும் பொருந்துகிற கடுதாசி.

"ஏன் ஐசே, நீ பேசேல்லையே?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். "தொண்டை அடைச்சுப்போச்சோ?"

"ஓம்," என்றான் சுகிர்தன். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு கேள்விக்கு அவன் ஒரு சொல்லில் பதில் சொன்னது அதுதான் முதல்தரமாக இருக்கலாம். கேட்டவர் அவனை ஒருமாதிரிப் பார்த்தார்.

முன்னால் ஐயர் பஞ்சபாத்திரத்தை வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தார். மண்டபத்து ஜெர்மன்காரரும் நேரத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் அக்கா இருந்தாள். வலப்பக்கத்தில் மிதுஷா. இடப்பக்கக் கதிரையில் ஒரு கறுப்புக் கைப்பை.

கமலநாயகி அக்கா நடுவால் வந்தார். துயரத்தில் உரிமை உள்ளவர்போல் அந்தக் கதிரையைப் பிடித்து, கைப்பையை எடுக்கக் குனிந்தார். அக்கா பையின் மேல் கையை வைத்தாள்.

"ஆள் வரும்," என்றாள்.

"ஆர்?"

அக்கா கையை எடுக்கவில்லை. கமலநாயகி அக்கா இரண்டாம் வரிசையில் இடம் தேடினார்.

தேவாரம் தொடங்கியது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் கதிரையில் பாதி திரும்பி, வரிசை வரிசையாகப் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்களைக் கடந்து, நிற்கிற ஆண்களைக் கடந்து, கோட்டுகள் தொங்கிய இடத்தில் அவளுடைய பார்வை வந்து நின்றது. கூப்பிடவில்லை. தலையாட்டவும் இல்லை. திரும்பினாள்.

பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.